நட்சத்திரமும் பம்ப்செட்டும்

கட்கி, புனே
செவ்வாய் காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முழங்கால் வலி தேவலையா? நாள் முழுக்க நின்றே முடிவெட்டாதீர்கள்.

நட்சத்திரத்திலிருந்து புதுவித ரேடியோ அலை வருவதாக நான் பத்திரிகையில் எழுதிய கட்டுரையை சலூன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறீர்களே, அது தப்பாகிவிட்டது. பயப்படாதீர்கள், என் வேலைக்கு ஒன்றுமில்லை. தொலைநோக்கிக்குப் பக்கத்து வயலில் பம்ப்செட் ஓடும்போதெல்லாம் அதன் மோட்டாரிலிருந்துதான் அந்த அலை வந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? அலையை முதலில் அறிவித்த டாக்டர் நஸ்ரினேதான். மூன்று வருட உழைப்பு. வேறு யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அவரே வயலுக்கு மின்சாரம் வரும் நேரங்களைக் குறித்துவைத்து, தன் முடிவைத் தானே பொய்யாக்கியிருக்கிறார்.

"நீ சரியாத்தான் எழுதின, தப்பு என்னோடது. அதே பக்கத்துல, அதே பெரிய எழுத்துல போட்டுடு" என்றார்.

நானாக இருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன், அப்பா.

புதுக் கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். பழையதைக் கிழிக்காமல் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ஆபீசுக்குப் போகும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஒட்டியதும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கண்ணாடியில் நீங்களும் தெரிய வேண்டும்.

உங்கள் மகள்,
செண்பகம்