எண்ணெய்ச் சட்டி வைக்காத கிறிஸ்துமஸ்

நவம்பர் 30, சனி

இன்றும் வெயில் இல்லை. புதிதாகக் கட்டிய பக்கத்து அறையில் பூசிய சுவரை என் வீட்டுக்காரர் ஜிபி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்தக் குளிரில் ஜனவரிக்குள் காய்ந்தால் பெரிய விஷயம் என்றார். காய்ந்தே ஆக வேண்டும். ஜிபியின் அண்ணன், பெரியத்தான், எஸ்டேட்டில் வேலை பார்த்தவரை, தொழிலாளர்களுக்கான லயத்து வீடு அவருக்கும் அக்காவுக்கும் இருந்தது. அவர் மே மாதம் இறந்துபோனார். ஜனவரியில் வீட்டை ஒழித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு அக்கா எங்கே போவாள்? திருப்பூரில் மகள் வினோவின் ஒற்றை அறைக்கா, இங்கேயா?

அக்கா என்று எழுதுகிறேனே தவிர என்னோடு பிறந்தவள் இல்லை. ஜிபியின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. கத்தரீனாள். கல்யாணமாகி வண்டிப்பெரியாருக்கு வந்த புதிதில், காலில் ஏறிய அட்டையைப் பார்த்து நான் அழ, சிரித்துக்கொண்டே உப்பு வைத்து எடுத்தவள். என் சமையலறையில் எது எங்கே என்று அடுக்கித் தந்ததும் அவள்தான்; இன்றும் பின்வாசல் வழியாகக் கேட்காமல்தான் உள்ளே வருவாள். எனக்கு இந்த மலையில் வேறு பிறந்த வீடு கிடையாது.

இங்கேயே வந்து இருக்கும்படி ஜிபி கேட்டிருக்கிறார். கிறிஸ்மஸ் கழியட்டும், சொல்லுதேன் என்றாளாம். அது 'சரி' என்பதற்குப் பக்கத்தில் உள்ள பதில்தான்.

டிசம்பர் 3, செவ்வாய்

மகள் ஜிஷா கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். நர்சிங் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ். வீட்டில் என்ன பலகாரம் என்று கேட்டாள். இந்த வருடம் எதுவும் இல்லை, மறந்துவிட்டாயா என்றேன். சாவு விழுந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸுக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. கூடப் பிறந்தவர்கள் வீட்டிலும் இல்லை. முறுக்கு, முந்திரிக்கொத்து, அதிரசம், எதுவும் கிடையாது. மற்றவர்கள் கொடுத்து விடுவார்கள், அதைத்தான் தின்ன வேண்டும்.

பிறகு கேட்டாள்.

"அப்ப குக்கீஸ்? அத எண்ணெயில பொரிக்க மாட்டோமேம்மா."

சிரித்தேன். போனை வைத்த பிறகு, அதுவும் சரிதானே என்று தோன்றியது.

டிசம்பர் 7, சனி

முதல் முயற்சி. வெண்ணெய் கல் மாதிரி இருந்தது. பொறுமை இல்லாமல் அடுப்பில் வைத்து உருக்கிவிட்டேன். சர்க்கரைப் பொடி, மைதா, நம் கொல்லை ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. உருட்டித் தட்டில் வைத்தபோது அழகாகத்தான் இருந்தது. ஓவன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன் — ஒன்றோடு ஒன்று ஒட்டி, பரந்து, கடைசியில் தட்டு முழுக்க ஒரே குக்கீ.

ஜிபி வந்து குனிந்து பார்த்தார். "இது எந்த ஜில்லா மேப்பு?"

டிசம்பர் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்து மறுபடி. வெண்ணெயை உருக்கக் கூடாது, இளக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். விரல் வைத்தால் குழி விழும் பதம் வந்தது. சர்க்கரையோடு வெளுக்கும்வரை அடித்தேன். உருட்டிய தட்டை ஜன்னல் பலகையில் கொஞ்ச நேரம் குளிர விட்டேன். இந்த ஊரில் அதற்கு ஃப்ரிட்ஜ் எதற்கு? பரவவே இல்லை. ஆனால் கடித்தால் பல் போய்விடும். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்திருக்கிறேன். கை பழகியதைத்தானே செய்யும்.

டிசம்பர் 14, சனி

வந்துவிட்டது!

மைதாவைத் தம்ளரில் அமுக்காமல் கரண்டியால் அள்ளிப் போட்டேன். பிசையவில்லை, சேர்த்துக் கூட்டி எடுத்ததோடு சரி. முதல் தட்டில் அடி மட்டும் கரிந்தது. தட்டு மெல்லியது. அதன் கீழே இன்னொரு தட்டை வைத்து ஓவனின் நடு அடுக்குக்கு மாற்றியதும் சரியானது. ஓரம் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். நடுவில் வேகாத மாதிரி இருக்கும், ஆறினால் இறுகிவிடும். வேகவில்லையே என்று பயந்து உள்ளேயே விட்டால்தான் கெடுகிறது.

வீடெல்லாம் ஏலக்காய் மணம். பெரியத்தான் இறந்த பிறகு இந்த வீட்டில் இப்படி ஒரு மணம் வந்ததில்லை. ஜிபி இரண்டு தின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று இடையில் நினைத்தேன். எண்ணெய்ச் சட்டியே வைக்கவில்லை, என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

டப்பா மூடி சரியாகப் பொருந்தவில்லை, இரவுப் பனியில் எல்லாம் நமத்துவிட்டது. ஓவனில் மறுபடி கொஞ்சம் காட்டி ஆற விட்டதும் பழைய மொறுமொறுப்பு. இது திருத்த முடிகிற தப்பு.

டிசம்பர் 21, சனி

ஜிஷா வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். வந்ததும் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டே நாலைந்து தின்றாள். இதற்காகத்தானே இவ்வளவும்.

பெரியம்மாவுக்கு என்று ஒரு டப்பா நிறைய அடுக்கி, மேலே ரிப்பன்கூடக் கட்டி அவளிடமே கொடுத்து அனுப்பினேன். நானும் கூடப் போயிருக்கலாம். அடுத்த தட்டு ஓவனில் இருந்தது.

பெரியம்மா வாங்கி வைத்தாள், சாப்பிடச் சொன்னாள், வேறு ஒன்றும் பேசவில்லை என்றாள் ஜிஷா.

டிசம்பர் 22, ஞாயிறு

கோயிலில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. மேட்டு லயத்துப் பெண்களோடு இருந்தாள். பூசை முடிந்து நான் வெளியே வருவதற்குள் போய்விட்டாள்.

என்ன செய்தேன்? சாயங்காலம் வரை யோசித்தேன். குக்கீஸ்தான் காரணமா என்று ஜிபியிடம் கேட்டேன். இருக்கும் என்றார். அப்படியானால் முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்றதற்கு:

"நீ படிச்சவ. யோசிச்சுத்தான் செய்வன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் போய்விட்டது. அண்ணனை இழந்த மனிதர், நான் நீட்டியதை வாங்கித் தின்றிருக்கிறார், அவ்வளவுதான்.

டிசம்பர் 23, திங்கள்

லயத்துக்குப் போனேன். அக்கா கொடியிலிருந்து கம்பளியை எடுத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் "ஏட்டி, வா" என்பாள். இன்று "வா" மட்டும்.

அவள் கேட்குமுன் நானே ஆரம்பித்தேன்.

"அக்கா, நான் எண்ணெச் சட்டி வைக்கல்ல. ஓவன்லதான் செஞ்சேன். ஜிஷா ஆசப்பட்டா."

"நீ செஞ்சதுக்கு நான் என்ன சொன்னேன்? பிள்ள வந்திருக்கு, திங்கட்டும்."

"பின்ன என்னக்கா?"

கம்பளியின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். இரண்டு பேருமாக மடித்தோம். மடித்து முடிந்த பிறகுதான் பேசினாள். குரல் உயரவே இல்லை.

"சாவு வீட்டுக்கு யாரு பலகாரம் குடுத்து விடுவா, பெர்சி?"

அவளே சொன்னாள்.

"வெளிய உள்ளவங்கல்லா குடுத்து விடுவாங்க. மேட்டு லயத்துக்காரங்க குடுத்தா வாங்கி வைப்பேன், அது மொற. நீ குடுத்து விட்டா நான் அத என்னன்னு வாங்கட்டும்? அவரு உனக்கு ஆருமில்லையா?"

இல்லக்கா, இல்லக்கா என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"அவங்க கொண்டு வாறத நீயும் எங்கூட உக்காந்து திம்பன்னு நெனச்சிருந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். எண்ணெய் இல்லை, எண்ணெய் இல்லை என்று. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் — அதை ஏன் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை? என் கையால் ரிப்பன் வேறு கட்டினேனே. ரிப்பன்!

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "ஜிபிட்ட சொல்லு, அந்த அறைக்கு மெனக்கெட வேண்டாம்னு. வினோ கூப்பிட்டுட்டே இருக்கா."

ஜிபியிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

டிசம்பர் 24, செவ்வாய்

சொன்னேன். கேட்டுவிட்டு வெளியே போய் நின்றார்.

டிசம்பர் 25, புதன்

எங்கள் வீட்டுக்கு யாரும் பலகாரம் கொடுத்து விடவில்லை. ஒரு தட்டுக்கூட வரவில்லை.

பூசை முடிந்து மூன்று பேரும் அக்கா வீட்டுக்குப் போனோம். நான் கையில் எதையும் எடுத்துப் போகவில்லை. அங்கே மேசை கொள்ளாமல் தட்டுகள். எல்லா லயத்திலிருந்தும் வந்திருந்தது. ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடலாம், அவளோடு நாமும் எடுத்துத் தின்னலாம் என்று நினைத்துத்தான் போனேன். அக்கா நாற்காலி போட்டாள். தனித்தனித் தட்டில் அச்சுமுறுக்கும் அதிரசமும் வைத்துக் கொடுத்தாள். காப்பி போட்டாள். அவள் தின்னவில்லை, நின்றுகொண்டே "இன்னும் வச்சுக்கோங்க" என்றாள்.

வந்தவர்களை உபசரிக்கிற மாதிரி. குறையே சொல்ல முடியாது.

ஜிபி தட்டைத் தொடவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

கீழே கடை வைத்திருக்கும் ரஜீனா வழியில் நிறுத்தி வருத்தப்பட்டாள். வருடா வருடம் நான் அவளுக்குப் பலகாரம் கொடுப்பேன், இந்த முறை அவள் எங்களுக்கு நெய்ச்சோறு கொண்டுவர நினைத்திருந்தாளாம்.

"ஒங்க வீட்லருந்து நல்ல மணம் வந்துச்சு சேச்சி. சரி, இவங்க துக்கம் கழிச்சாச்சு போலன்னு விட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுக்க என்ன இருக்கிறது? ஊரே மூக்கால் தெரிந்துகொண்டிருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

அக்காவைக் குமுளி வரை போய் பஸ் ஏற்றிவிட்டோம். வினோவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். கட்டிலையும் பாத்திரங்களையும் லயத்திலேயே வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு எதுவும் தரவில்லை என்று எழுத வந்தேன் — இல்லை, கேட்டாளே. எது வேண்டும், எடுத்துக்கொள் என்று எல்லோரிடமும் கேட்ட மாதிரியே என்னிடமும் கேட்டாள்.

பஸ் நகரும் முன் ஜன்னல் பக்கம் போய், அக்கா, நான் வேண்டுமென்றே செய்யவில்லை என்றேன்.

"எனக்குத் தெரியாதாட்டி" என்றாள். கன்னத்தைத் தொட்டாள்.

கோபமாக இருந்தால் போய்க் காலில் விழலாம். கோபமே இல்லாதவளிடம் என்ன செய்வது?

பிப்ரவரி 9, ஞாயிறு

பக்கத்து அறையில் ஜிபி உரமூட்டைகளை அடுக்குகிறார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்ப்புத் திருநாள். அக்காவுக்குப் போன் செய்தேன். நன்றாகப் பேசினாள். பேத்தி, மில் சங்கு, தண்ணீர் லாரி. ஜிஷா ஓவனைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

மே 17, சனி

பெரியத்தானுக்கு வருடப் பூசை. அக்காவும் வினோவும் நேற்று இரவு வந்து மேட்டு லயத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். எங்களுக்கு இன்று காலை கோயிலில்தான் தெரியும். ஜிபி கல்லறையில் ஏற்றிய மெழுகுதிரி காற்றில் சாய்ந்தது. அக்காதான் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாடு எங்கள் வீட்டில். அக்கா முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "பெர்சி, வரலாமா?" என்று கூப்பிட்டாள். கையில் ஒரு பை. திருப்பூர் பேக்கரியில் வாங்கிய ஸ்வீட்டும் ஆப்பிளும். வெறுங்கையோடு எப்படி வருவது என்றாள். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

துக்கம் கழிந்துவிட்டது, இனி எண்ணெய்ச் சட்டி வைக்கலாம் என்று ஜிபியிடம் அவளே சொன்னாள். சாப்பிட்ட பிறகு சமையலறைக்குள் வந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். கழுவினாள். கழுவிய தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத எங்க வைக்கணும்?"

இடத்தைக் காட்டினேன்.