வீரசாமி வராத கோர்ட்டு

ரராவாய்

ராஜேந்திராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். ஆக்லாந்தில் நீயும் உன் பெண்டாட்டி கம்லாவும் பிள்ளை பிரனிலும் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதற்குத்தானே போனீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். சக்கர நாற்காலியில் உன் அப்பா, அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நான், என் புடவையைப் பிடித்துக்கொண்டு உன் செத்துப்போன தங்கை சுஷீலா பெற்ற ரஞ்சீதா, எதிர்ப் பெஞ்சில் நமாகாவிலிருந்து உதட்டுச்சாயத்தோடு வந்த அவள் அப்பன் கூடப்பிறந்த அத்தை இந்திராவதி, நமக்குப் பேச வந்த வக்கீல், மேலே ஜட்ஜ் அம்மாள். வர வேண்டிய உன் தம்பி வீரசாமி வரவில்லை.

சுஷீலாவும் புருஷனும் பஸ்ஸோடு ஆற்றில் போனபோது பிள்ளைக்கு கார்டியன் என்று உன் அப்பாவைத்தான் எழுதினார்கள். இப்போது அவருக்கு ஒரு பக்கம் விழுந்து பேச்சும் இல்லை, அவர் பேரை எடுத்து வீரசாமி பேரைப் போட வேண்டும், அவன் நேரில் நின்று சம்மதம் என்றால் போதும், இல்லையென்றால் இந்திராவதிக்குப் போய்விடும் என்று வக்கீல் சொன்னதை உனக்குப் போனில் சொன்னேன், தேதியும் சொன்னேன். ம் ம் என்று கேட்டுக்கொண்டாய். மறுநாளே அவனைக் கூப்பிட்டு, எனக்கு இங்கேயே தங்க பேப்பர் கிடைச்சிடுச்சிடா, மாரியம்மனுக்கு நேர்ந்ததை எனக்குப் பதிலா நீ தீயில இறங்கி முடி, கோர்ட்டு எங்கே ஓடிப்போகுது என்றாயாம். அந்த மடையனும் காப்புக் கட்டிக்கொண்டான். காப்புக் கட்டினவன் தீ மிதிக்கிறவரை கோயில் எல்லையைத் தாண்டக்கூடாது என்று உனக்குத் தெரியாதா? கோர்ட்டு நாள் காலையில் கோயில் வாசலில் நின்று கூப்பிட்டேன். காப்பை அறுத்தா அண்ணன் பிள்ளைக்கு ஆகாதும்மா என்று அழுதான். இங்கே துப்பாக்கிக்காரர்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்த வாரமே பெட்டி கட்டின பயங்கொள்ளி நீ, உனக்காக நெருப்பில் இறங்க அவன்.

வக்கீல் தவணை கேட்டார். ஏற்கெனவே ஒரு தவணை கொடுத்தாயிற்று, பிள்ளையைவிட மாமனுக்குக் கோயில் பெரிதா என்றாள் ஜட்ஜ். நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். கண்ணில் புரை, படுக்கையில் புருஷன், முடியாது என்றுவிட்டாள். உன் அப்பா பாதி வாயால் ஊளையிட்டார், வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். நானி, நான் சத்தமே போடமாட்டேன், அனுப்பாதே என்று ரஞ்சீதா இந்தப் பாட்டி கையைக் கடித்தே விட்டாள். இந்திராவதி வாடகைக் காரில் அவளை ஏற்றிவிட்டு, இனிமே என் கைக்குழந்தையைத் தூக்க ஆள் தேட வேணாம் என்று டிரைவரிடம் சிரித்ததை நான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீரசாமி இறங்கினான். கால் கொப்புளிக்கவில்லை, சந்தோஷப்படு. நீ கேட்ட திருநீறு உள்ளே இருக்கிறது, பூசிக்கொள். குளிர் நாடு, பிரனிலுக்கு மார்பை மூடி விடச் சொல். உன் அப்பா போனால் சொல்லி அனுப்புவேன், நீ வந்துவிடாதே, கொள்ளி வைக்க வீரசாமி இருக்கிறான், மறந்துவிடாதே. கம்லாவும் பேரனும் நீண்ட ஆயுசோடு இருக்கட்டும். இந்திராவதி கேட்டாள், கிடைத்தது, அவளை விட்டுவிட்டேன். அண்ணன் பேச்சைத் தட்டாத வீரசாமியையும் விட்டுவிட்டேன். மாரியம்மனும் பிழைத்துப் போகட்டும்.

இப்படிக்கு,
தாயம்மா,
சாகிறவரை மன்னிக்க மாட்டாள் ராஜேந்திராவை.