என் கணவர் சித்தியடைந்தமை தொடர்பான முறைப்பாடு

அனுப்புநர்:
திருமதி நிரோஜா சிவரூபன்,
கோவில் ஒழுங்கை,
கோப்பாய் வடக்கு, கோப்பாய்.

பெறுநர்:
உதவி ஆணையாளர்,
மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம்,
மாவட்ட அலுவலகம், யாழ்ப்பாணம்.

விடயம்: லொறி ஓட்டுவதற்கான சாரதிப் பரீட்சையில் சித்தியடைந்த என் கணவரை மறுபடி சோதிக்குமாறும், அவரைப் பயிற்றுவித்த நிலையத்தை விசாரிக்குமாறும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் பன்னிரண்டு வருடமாகக் கிளை முகாமையாளராக இருக்கிறேன். முறைப்பாடு எழுதுவது எனக்குப் புதிதல்ல. அரிசி மூட்டை நனைந்து வந்தாலும் எழுதியிருக்கிறேன், தராசு பிழைத்தாலும் எழுதியிருக்கிறேன். கணவரைப் பற்றி எழுதுவது இதுவே முதல் தடவை. அதுவும் அவர் பரீட்சையில் தோற்றதற்காக அல்ல, சித்தியடைந்ததற்காக. இப்படி ஒரு மனு தங்கள் மேசைக்கு முன்னர் வந்திராது. ஆகவே சிரிப்பு வந்தாலும் முழுவதையும் வாசிக்குமாறு தாழ்மையுடன் கேட்கிறேன்.

2. என் கணவர் கனகரத்தினம் சிவரூபன், வயது 44. பதினொரு வருடமாகச் சிறிய பட்டா வாகனத்தில் வாழைக்குலை ஏற்றிச் சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளுக்குக் கொண்டுபோகிறார். ஒரு சீப்புக்கூட நசுங்கினதாக எவரும் சொன்னதில்லை. றோட்டில் நாய் குறுக்கே வந்தால், அது மனம் வைத்து அப்பால் போகும்வரை நின்றுகொண்டிருப்பார். கடந்த புரட்டாதியில் அச்சுவேலி வியாபாரி சீவரத்தினம் அவர்கள், “லைசன்சை எடுத்துக்கொண்டு வா தம்பி, லொறியை உன்ரை கையில தாறன்” என்று சொன்னார். குலைகளைக் கண்டியில் இறக்கிவிட்டு, நுவரெலியாவுக்கு ஏறிக் கரட்டும் லீக்சும் ஏற்றி வருவதே வேலை. அன்று பின்னேரம் என் கணவர் பட்டாவை இரண்டு தரம் கழுவினார். லொறி ஓடவேண்டுமென்பது அவருடைய பழைய ஆசை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லும் ஆள் அல்ல என்பதால் கழுவினார்.

3. பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தவள் நான்தான். வழி தெரியாவிட்டாலும் இன்னொருவரிடம் கேட்கக் கூச்சப்படும் மனிதர் அவர். எங்கள் மகள் ஆரணி இவ்வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். அவளுக்கு ரியூட்டறி தேடின அதே கொப்பியை எடுத்துக்கொண்டு, அதே முறையில் இவருக்கும் தேடினேன். ஐயா, எங்கள் ஊரில் ரியூட்டறி தேடும் முறை தங்களுக்குத் தெரியாததல்ல. வாசலில் தொங்கும் பனரில் எத்தனை பேருக்கு ஒன்பது ஏ என்று பார்ப்போம். என்ன படிப்பிக்கிறீர்கள் என்று கேட்கமாட்டோம். நான் செய்த பிழை அதுதான். அதை மறைக்க இம்மனுவில் எனக்கு விருப்பமில்லை.

4. இரண்டு இடம் பார்த்தேன். முதலாவது, என் கணவரின் மைத்துனர் ஒருவர் நடத்தும் நிலையம். வாசலில் “இம்முறையும் நூறு வீதச் சித்தி” என்று பனர் கட்டியிருந்தது. சித்தியடைந்தவர்களின் படங்கள் மூன்று வரிசையில் இருந்தன. சொந்தக்காரர் என்பதால் கவனமாகப் பழக்குவார் என்றும் நினைத்தேன். (நிலையத்தின் பெயரையும் பதிவிலக்கத்தையும் ஒட்டிய உறையில் தனியே வைத்துள்ளேன். தங்கள் அலுவலகத்தில் எங்கள் ஊரவர் இருவர் வேலை செய்வதாக அறிகிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் ஊர் ஊர்தான்.)

5. இரண்டாவது, மயிலிட்டியில் கனிசியஸ் என்பவரின் நிலையம். துறைமுகத்திலிருந்து மீன் லொறி ஓடினவர். பனர் இல்லை, படம் இல்லை. எத்தனை வீதம் சித்தி என்று கேட்டேன். “தங்கச்சி, என்னட்டைப் பழகிறதில பாதிப்பேர் முதல்தரம் பெயில்தான். நான் மண் ஏத்தின லொறியிலதான் பழக்கிறனான். வெறும் லொறியை ஆரும் ஓடுவினம். ஒருக்கா மலைப்பக்கம் கொண்டுபோய் ஏத்தத்தில நிப்பாட்டி எடுப்பிப்பன். மூண்டு மாசம் செல்லும்” என்றார். ஒரு மறைப்பும் இல்லாமல் சொன்ன மனிதர். நான் கொப்பியில் “பாதி பெயில்” என்று எழுதி, அதன் கீழ் கோடும் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

6. என் கணவர் மைத்துனரின் நிலையத்தில் சேர்ந்தார். வகுப்புப் பதிவுப் புத்தகத்தில் இருபத்தைந்து வகுப்பு என்று அச்சிட்டிருந்தது. நடந்தது ஏழு. மிகுதிப் பதினெட்டுக் கையொப்பமும் ஒரே நாளில், ஒரே பேனையால் இடப்பட்டன. அதில் என் கணவரின் கையொப்பமும் உண்டு. மைத்துனர் நீட்டும்போது மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வராது. ஏழு வகுப்பும் வெறும் லொறியில். ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதற்குப் புகையிரதக் கடவையில் பழக்கினார்கள். குடாநாட்டில் மேடு என்று சொல்வதற்கு அதைவிட வேறு என்ன இருக்கிறது? அந்தக் கடவையை எங்கள் மகள் சைக்கிளில் மிதிக்காமலே தாண்டுவாள்.

7. பின்பக்கமாக எடுப்பதற்கு இன்னொரு வித்தை. அந்தப் பயிற்சி லொறியின் பக்கக் கண்ணாடியிலும் பின் யன்னலிலும் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறது. முதலாம் நாடாவில், சோதனைக்கு நட்ட கம்பம் தெரிந்தால் ஸ்ரேரிங்கை இரண்டு சுற்று, அடுத்ததில் தெரிந்தால் நேராக்கு. அவ்வளவுதான் பாடம். பரீட்சையும் அதே லொறியில்தான் நடந்தது. கடந்த 21.01.2025 அன்று என் கணவர் ஒரு கம்பத்திலும் முட்டாமல் சித்தியடைந்தார். பரிசோதகர்மீது எனக்கு எள்ளளவும் குறை இல்லை. கண்முன்னே லொறி நேராகப் போய் நேராக வந்தால் அவர் வேறு என்ன எழுதுவார்? தற்காலிக அனுமதிப்பத்திரத்தைச் சுவாமி அறையில் வைத்துக் கும்பிட்டோம். நான் பாயசம் காய்ச்சினேன். ஒழுங்கை முழுவதற்கும் கொடுத்தேன்.

8. கடந்த 01.02.2025 சனிக்கிழமை, என் கணவர் சீவரத்தினம் அவர்களின் லொறியை எங்களுக்குக் காட்டுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒழுங்கைக்குள் பின்பக்கமாக எடுக்கும்போது லொறி வேலியைச் சாய்த்து, வேலியோடு நின்ற ஆரணியின் சைக்கிளின் மேல் ஏறி நின்றது. அவள் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, தண்ணீர்ச் செம்பை வாயில் வைத்த நேரம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னிக்கவும். என் கணவர் இறங்கி வந்து, பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்தார். பக்கத்தில் போய் நான் இருந்தேன். “நாடா இல்லாட்டி எனக்கு ஒண்டும் தெரியாதப்பா” என்றார். பதினெட்டு வருடம் ஒன்றாக வாழ்ந்திருக்கிறோம். தனக்குத் தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

9. மறுநாள் நான் அந்த மைத்துனரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்: “அக்கா, பாஸ் பண்ணித் தந்தனான்தானே? லேணேர்ஸ் வகுப்பில ஆரும் ஓடப் பழகிறவையே? ஓடப் பழகிறது றோட்டிலதான்.” கோபமில்லாமல், தேத்தண்ணி தந்து, சிரித்துக்கொண்டே சொன்னார். கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் அப்படித்தான் உண்மையாக நம்புகிறார். அதுவே எனக்குக் கூடுதல் பயம். அந்த மூன்று வரிசைப் படங்களில் இருப்பவர்கள் எல்லோரும் இப்போது எந்த மலையில் எதை ஏற்றிக்கொண்டு நிற்கிறார்களோ.

10. எதிர்வரும் சிவராத்திரிக்கு மறுநாள் நுவரெலியாவுக்கு முதல் நடை. என் கணவர் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கை மாற்றினால் ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம், கைக்கு வந்த லொறியை விடுவதா என்பது மறுபக்கம். என்னோடு இதைப் பற்றிக் கதைப்பதில்லை. மலைப்பாதையில் லொறிகள் ஓடும் காணொளிகளைத் தொலைபேசியில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்க்கிறார். பார்க்கும்போது அவருடைய வலது கால் சீமெந்துத் தரையில் பிறேக்கை மிதிக்கிறது. நான் காணாததுபோல் கீரை ஆய்கிறேன். உறவினர்கள், “முறிகண்டியில தேங்காய் உடைச்சிட்டுப் போனால் ஒண்டும் வராது” என்கிறார்கள். முறிகண்டிப் பிள்ளையாரில் எனக்குக் குறையாத பக்தி. ஆனால் முறிகண்டியும் சமதரையில்தான் இருக்கிறது. நுவரெலியா இறக்கத்தில் கியர் மாற்றுவதற்குப் பிள்ளையாரைக் கூப்பிடுவது நியாயமல்ல.

11. ஆகையால் தங்களிடம் நான் கேட்பவை:

(அ) என் கணவரை வேறொரு லொறியில், பாரம் ஏற்றிய நிலையில் மறுபடி சோதிக்கவும். அதுவரை அவருடைய நிரந்தர அட்டையை அனுப்பாமல் வைத்திருக்கவும். சட்டத்தில் இதற்கு இடமில்லையென்றால், அவரை ஒருமுறை அழைத்துத் தங்கள் வாயால் “இன்னும் பழகிவிட்டு வாரும்” என்று சொல்லவும். மனைவி சொன்னால் பயம் என்பார்கள். அதிகாரி சொன்னால் அறிவுரை என்பார்கள்.

(ஆ) உறையிலுள்ள நிலையத்தின் வகுப்புப் பதிவேடுகளையும், லொறியில் ஒட்டியுள்ள நாடாக்களையும் நேரில் பார்வையிடவும். நிலையத்தை மூடும்படி நான் கேட்கவில்லை. அங்கும் பிள்ளை குட்டிகள் உண்டு. ஒழுங்காகப் பழக்கச் சொன்னால் போதும்.

(இ) பயிற்சி நிலையம் தேடுவோர் என்ன கேட்கவேண்டுமென்று தங்கள் அறிவித்தல் பலகையில் நான்கு வரி போடவும். எந்த லொறி, எவ்வளவு பாரம், எந்த றோட்டு, எத்தனை நாள் என்று கேட்டிருந்தால் நான் மயிலிட்டியிலேயே அவரைச் சேர்த்திருப்பேன். கனிசியஸ் அவர்களிடம் நேற்றுப் போய்க் கேட்டேன். வருகிற திங்கட்கிழமை தொடங்கலாம் என்றார். முன்னர் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு இங்கே நன்றி எழுதுகிறேன்.

12. தற்காலிக அனுமதிப்பத்திரத்தை இத்துடன் இணைக்கவில்லை. அது அவருடைய சேர்ட் பைக்குள் இருக்கிறது. கேட்காமல் எடுப்பது முறையல்ல. இம்மனுவை இன்று பின்னேரம் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி ஒரு வரியும் தபாலில் போகக்கூடாது. அதன்பின் கோபித்தாலும், இரண்டு நாள் கதையாமல் இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். ஐயா, அவர் லொறி ஓடக்கூடாது என்பதல்ல என் விருப்பம். அவர் ஓடவேண்டும். விடியலில் அவர் புறப்படும்போது படலையில் நின்று கைகாட்டிவிட்டு, நிம்மதியாக உள்ளே வந்து உலை வைக்க எனக்கு முடியவேண்டும். அதற்குத் தங்கள் உதவி வேண்டும்.

தங்கள் நேரத்தை எடுத்ததற்கு வருந்தி, பதிலை எதிர்பார்த்து இருக்கும்,

நிரோஜா சிவரூபன்
(கையொப்பம்)

இடம்: கோப்பாய்
திகதி: 12.02.2025

பிற்சேர்க்கை:
மேற்படி மனுவை மனைவி வாசிக்கக் கேட்டேன். எல்லாம் உண்மை. கோபம் இல்லை. தற்காலிக அனுமதிப்பத்திரத்தை நானே உறைக்குள் வைத்திருக்கிறேன். நேற்றுப் பொழுதுபடமுன் அச்சுவேலிக்குப் போய்ச் சீவரத்தினம் அண்ணைக்கும், மயிலிட்டியில் பழகி முடிந்த பிறகே ஓடுவேன் என்று நானே சொல்லிவிட்டேன். மூன்று மாதம் பொறுக்க ஏலாது, வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார். அது அவருடைய நியாயம். ஐயா என்னைத் திரும்பச் சோதிக்கவும்.

க. சிவரூபன்
(கையொப்பம்)
13.02.2025