பலாமரத்து வெட்டு

தர்ஷிகா,

மணி 5.40. நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த, அதனால எழுப்பல. ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன்.

பலாமரத்து அடியில ரெண்டு வாளி தண்ணி ஊத்து. வெட்டுப்பட்ட இடத்துல தார், சாணி எதுவும் பூச வேணாம்னு விவசாய உத்தியோகத்தர் சொன்னார். கிழக்குப் பக்கம் நாலு விரல் அகலத்துக்குத்தான் பட்டை மிச்சம் இருக்கு. அதுவும் போனா மரம் பட்டுப்போகும். ஆட்டை அங்க கட்டாத.

உங்கப்பா பத்து மணிக்கு வருவார். அவர் வச்ச மரம், பார்க்காம போக மாட்டார். முள்ளம்பன்றி கடிச்சதுன்னு சொல்லிடலாம்னு நேத்து சொன்ன. வேணாம். அப்படிச் சொன்னா இன்னைக்கே கம்பிக் கண்ணி வச்சிட்டுத்தான் போவார். லயத்து வீட்டுப் பிள்ளைங்க தண்ணி பிடிக்கப் பீலிக்கு அந்த வழியாத்தான் போறாங்க.

ரெண்டு வருஷமா காய்க்கல, பயந்தாவது காய்க்கட்டும், நாலு கொத்து கொத்துங்கன்னு சொன்னது நீதான், சரி. "போதுங்க, விடுங்க"ன்னு நீ கையைப் பிடிச்ச பிறகும் நிப்பாட்டாம சுத்திவரக் கொத்தினது நான். அதை அப்படியே மாமாகிட்ட சொல்லிடு.

தவராஜ்

சாவி ஜன்னல் கட்டையில இருக்கு.

திரும்ப வாசிச்சுப் பார்த்தேன். உன்னைச் சொல்ல வைக்கிறது சரியில்ல. நீ ஒன்னும் சொல்லாத. தேத்தண்ணி குடுத்து மாமாவை முன்பக்கமே உட்கார வை. அரைநாள் லீவு போட்டுட்டு பன்னெண்டு மணி பஸ்ஸில வர்றேன், நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். அவர் ஏசுறப்ப நீ குறுக்க வராத.