ஹாய்ல் வீட்டுப் புகைபோக்கியும் என் கணவரின் கட்டிலும்

அனுப்புநர்:
திருமதி கெசையா சக்டன்,
(தச்சர் ஏபெல் சக்டனின் மனைவி)
எண் 9, டென்டர் சந்து,
ஹாக்ஸ்வெல், யார்க்‌ஷயர்.

பெறுநர்:
நகரச் சுகாதாரக் கண்காணிப்பாளர் அவர்கள்,
நகர மன்றம், ஹாக்ஸ்வெல்.

பொருள்: வருகிற சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கள் பின்சுவர் வீட்டார் தம் புகைபோக்கியைக் கொளுத்தாமல் தடுத்து, எழுந்திருக்க முடியாத என் கணவரின் உயிரைக் காக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதற்கு முன் தங்களுக்கு நான் ஒரு வரியும் எழுதியதில்லை. சாக்கடை நாறுகிறது என்று எங்கள் சந்தே திரண்டு கையெழுத்துப் போட்ட போதும், என்னை விடுங்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டவள் நான். ஆகவே வம்புக்காரி என்று ஒதுக்காமல் இதைக் கடைசி வரை வாசிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இன்று புதன்கிழமை.

2. என் கணவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் கூரை வேலையில் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நான்கு ஆண்கள் ஒரு கதவுப் பலகையில் கிடத்தி அவரை மாடி அறைக்குத் தூக்கிச் சென்றார்கள். படிக்கட்டு திரும்பும் இடத்தில் அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. இன்னொரு முறை தூக்கினால் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சிறிய அறை, கட்டிலின் தலைமாடு, குளிர்காயும் கணப்படுப்பு இருந்த சுவரை ஒட்டித்தான் இருக்க முடியும்.

3. அந்தச் சுவருக்கு மறுபுறம் சாயப்பட்டறையில் வேலை செய்யும் திரு. ஜேபெஸ் ஹாய்ல் குடியிருக்கிறார். இரண்டு வீட்டுப் புகைபோக்கிகளும் ஒரே சுவருக்குள் பக்கத்தில் பக்கத்தில் மேலே போகின்றன. நடுவே ஒற்றைச் செங்கல் தடுப்புதான். பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு முன் எங்கள் சந்தில் எல்லோரும் புகைபோக்கியைத் துடைத்து, வீட்டுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். திரு. ஹாய்ல் மட்டும் ஆள் வைத்துத் துடைப்பதில்லை. எண்ணெயில் நனைத்த காகிதச் சுருளை உள்ளே திணித்துக் கொளுத்திவிடுவார். கரியெல்லாம் தானே எரிந்து போய்விடுமாம். சென்ற ஆண்டு அப்படிச் செய்தபோது சுவர் உறுமியது. என் கணவரின் தலைக்குப் பின்னால் உள்ளே ஏதோ பொத்தென்று விழுந்தது. எலி என்று நினைத்துக்கொண்டேன்.

4. இனி எழுதப்போவது என் குற்றம். எழுதாமல் விடலாமா என்று காலை முழுவதும் யோசித்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் மாடிக் கணப்படுப்பு வழியாகக் குளிர்காற்றும் புகை வாடையும் வரத் தொடங்கின. அவருக்கு இருமல் நிற்கவில்லை. அடுப்பு மூட்டாத அறைகளில் புகைவழியை மூட்டையால் அடைத்துவிடுவது இங்கே எல்லா வீட்டிலும் செய்வதுதான். நானும் சென்ற அக்டோபரில் அதையே செய்தேன். அவருடைய பட்டறையில் மிஞ்சிக் கிடந்த மரச்சீவலை ஒரு கோணியில் அடைத்து, கையெட்டும் மட்டும் மேலே திணித்தேன். முன்னால் பலகை அறைந்து, அதன்மேல் பூப்போட்ட காகிதம் ஒட்டினேன். இருமல் நின்றது. "கெட்டிக்காரிடி நீ, என் தொழிலையே கத்துக்கிட்டியே" என்று அவர் பாராட்டினார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அவர் தலைக்கு ஒரு முழம் மேலே காய்ந்த மரச்சீவலை நானே என் கையால் வைத்திருக்கிறேன், ஐயா.

5. நேற்று முன்தினம் ஹாய்ல் வீட்டில் துணி வெளுக்கும் நாள். வெந்நீர் அடுப்பில் ஈரவிறகு வைத்தார்கள் போலும். என் கணவரின் தலையணைக்கு மேலே காகித ஓரத்திலிருந்து புகை கசிந்தது. "கெசி, நான் நல்லாப் புகை போட்ட பன்னிக்கறி ஆயிட்டேன், தொட்டுக்கக் கடுகு எடுத்துட்டு வா" என்று அவர் சிரித்தார். நான் காகிதத்தைக் கிழித்துப் பலகையைப் பெயர்த்து, மெழுகுவர்த்தியைப் பிடித்துப் பார்த்தேன். நடுத்தடுப்பில் இரண்டு செங்கல் இல்லை. அந்த ஓட்டை வழியே அடுத்த வீட்டுத் தீப்பொறிகள் மேலே பறப்பது தெரிந்தது. அதற்குச் சற்று மேலே என் கோணி.

கையை விட்டு இழுத்தேன். கோணி கிழிந்து ஒரு பிடிச் சீவல்தான் வந்தது. மற்றது நழுவி வளைவில் சிக்கிக்கொண்டது. ஈரத்துணியைக் கம்பில் சுற்றி மேலே செருகி வைத்தேன். மறுநாள் காலையில் அது மொடமொடவென்று காய்ந்திருந்தது.

6. புகைபோக்கி துடைக்கும் ஈனாக் கிரப்ட்ரீயை நேற்று அழைத்துக் காட்டினேன். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். என்னைக் கீழே கூட்டி வந்து, என் கணவர் காதில் விழாதபடி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தங்கச்சி, ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது. அந்த ஆளு கொளுத்துனா கோணி பத்திக்கும். பக்கத்துலயே கூரை உத்தரம் வருது. வாளித் தண்ணி எடுக்கக்கூட நேரம் இருக்காது." கூரையில் ஏறி மேலிருந்து அதை எடுத்துவிடலாமாம். ஆனால் வீட்டு உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஓட்டில் கால் வைக்க அவருக்குத் துணிவில்லை.

7. உரிமையாளரின் முகவர் திரு. பிக்கர்ஸ்கில்லிடம் ஓடினேன். பண்டிகை கழிந்து பார்க்கலாம், அதுவரை ஓடோ செங்கல்லோ அசையக்கூடாது என்றார். காவல் நிலையத்தில், புகைபோக்கியில் தீ வெளியே தெரிந்த பிறகு வந்து சொன்னால் அபராதம் விதிக்க வழியுண்டு என்றார்கள். பிறகு நான் யாரிடம் வந்து சொல்வது?

8. திரு. ஹாய்ல் கெட்ட மனிதர் அல்ல. என் கணவர் விழுந்த அன்று பலகையைத் தூக்கிய நால்வரில் அவரும் ஒருவர். ஆனால் திங்கட்கிழமை அவர் மகளுக்குத் திருமணம். தலைகால் புரியாமல் இருக்கிறார். புகைபோக்கியைக் கொளுத்த வேண்டாம், என் செலவிலேயே ஈனாக்கை வைத்துத் துடைத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். அதுதான் தப்பாகிவிட்டது. "என் வீட்டுக்கு நீ ஆள் வைக்கிறியா? எங்கப்பா கொளுத்துனாரு, நான் கொளுத்துறேன். இதுவரைக்கும் எவன் செத்தான்? சனிக்கிழமை ரெண்டு மணிக்குப் பட்டறைலேர்ந்து வந்ததும் முதல் வேலை அதுதான், போம்மா!" என்று கதவை அடைத்தார். கோணியைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. மறுபடி இரண்டு முறை போனேன், திறக்கவில்லை.

9. என் கணவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. காகிதம் உரிந்துவிட்டது, புதிதாக ஒட்டப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் தச்சர். எங்கள் வீட்டு உத்தரம் எங்கே போகிறது என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். பலகை பெயர்த்த அந்த ஓட்டை வழியே திரு. ஹாய்ல் போட்ட கூச்சலும் அவர் காதில் விழுந்திருக்கும். நான் அதை யோசிக்கவில்லை.

இன்று காலை கஞ்சி ஊட்டும்போது அவர் சொன்னார்: "சனிக்கிழமை மத்தியானம் நீ சந்தைக்குப் போயிட்டு வா, கெசி. உன் தங்கச்சி வீட்டுலயும் எட்டிப் பார்த்துட்டு, டீ குடிச்சுட்டு மெதுவா வா. அவசரப்படாத." மூன்று ஆண்டுகளில் இந்த மனிதர் என்னை வெளியே போகச் சொன்னதே இல்லை, ஐயா. ரொட்டிக் கடைக்குப் போய் வந்தால்கூட ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பவர். சரி என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

10. ஆகவே தாங்கள் வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து அந்த ஓட்டையைப் பார்த்து, சனிக்கிழமை கொளுத்துவதை நிறுத்த உத்தரவிட வேண்டும். ஈனாக் கூரையில் ஏறுவதற்குத் தங்கள் கையெழுத்திட்ட ஒரு துண்டுச் சீட்டு போதும். கோணி வைத்த குற்றத்துக்கு என்ன தண்டனை விதித்தாலும் தலைவணங்கி ஏற்கிறேன். கதவைத் தட்ட வேண்டியதில்லை, தாழிடாமல் வைத்திருப்பேன்.

தாங்கள் வர இயலாமற்போனால் என்ன செய்வேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கட்டிலருகே இரண்டு வாளித் தண்ணீர் வைத்திருப்பேன். நான் சந்தைக்குப் போகப் போவதில்லை.

இடம்: ஹாக்ஸ்வெல்
நாள்: 20 மே 1874

தங்கள் வருகையை வாசலில் எதிர்பார்த்திருக்கும்,
கெசையா சக்டன்