கண்ணாடிக்காரி சிபாரிசு செய்த புத்தகம்

பிப்ரவரி 4, ஞாயிறு

இந்த வாரச் சிபாரிசு எழுதி அனுப்பியாகிவிட்டது. 'கொலையும் காதலும்' வாட்ஸப் வாசகர் குழுவில் ஞாயிறு காலை என் முறை. புதிதாக வந்ததில் ஒரு கொலைக் கதை, ஒரு காதல் கதை. குழுவில் நானூறு சொச்சம் பேர் இருக்கிறார்களாம். பேசுவது பத்துப் பதினைந்து பேர்தான். மீதிப் பேர் சுவரில் காது வைத்த மாதிரி சத்தம் போடாமல் படித்துவிட்டுப் போகிறார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை என்று என்றோ உளறிவிட்டேன், அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் கண்ணாடிக்காரி. கடை எந்தத் தெருவில் என்பதைக்கூட ஒருத்தி கேட்டாள் என்று சொல்லித் தொலைத்தேன்.

இன்றைய கொலை: பெண்டாட்டியைக் கொல்வதற்கு முன்னால் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் பொறுமையாக எண்ணெய் விடுகிற புருஷன். கதவுச் சத்தம் நின்றுபோன வீட்டில்தான் பயம் ஆரம்பிக்கிறது என்று எழுதினேன். எனக்கே பிடித்த வரி.

இன்றைய காதல்: கப்பல் சமையல்காரன் ஒருவன். அவள் கோபத்தில் இருக்கும்போது மன்னிப்புக் கேட்க மாட்டான். சட்டைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, அவளுடைய கைப்பையின் அறுந்த வாரைத் தைத்துக் கொடுப்பான். "மன்னிப்புக் கேட்கிற ஆம்பிளைகள் ஏராளம். ஊசி நூல் வைத்திருப்பவன் கிடைத்தால் சொல்லுங்கள், நாளைக்கே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறேன்" என்று முடித்தேன். நாற்பத்திரண்டு வயதில் இந்த வாய் எனக்கு. குழுவை நடத்துகிற ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர்கூடச் சிரிப்புப் பொம்மை போட்டார்.

பிப்ரவரி 15, வியாழன்

இதை எழுதாமல் தூங்க முடியாது.

கடைக்கு ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும் என்றார். சோதித்தேன், ப்ளஸ் ஒன்றரை. புத்தகம் நிறையப் படிப்பீர்களா என்று வழக்கம்போலக் கேட்டேன். சே சே, ரெண்டு பக்கம் புரட்டினா தூக்கம் வந்துடும், போன்ல எழுத்து தெரியல, அதுக்குத்தான் என்றார்.

சட்டகம் பார்த்து, பணம் கட்டி, எல்லாம் முடிந்தது. கடை மூடுகிற நேரம். வாடிக்கையாளர் நாற்காலிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டியிருந்த என் பையை எடுத்தேன். வார் கையோடு வந்துவிட்டது. காலையில் நன்றாகத்தான் இருந்தது. அந்த மனிதர் எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டார். சட்டைப்பைக்குள் கை விட்டார். ஊசி. அதில் கோத்த நூல். உட்கார்ந்து தைக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

ஊசி நூல்! சட்டைப்பையில்! யாருடி வச்சிருப்பாங்க?

மார்ச் 9, சனி

ப்ளஸ் ஒன்றரையோடு இன்று மறுபடி கடற்கரைப் பக்கம் நடந்தேன். (பெயர் இருக்கிறது, ஆனாலும் இந்த நோட்டில் அவர் ப்ளஸ் ஒன்றரைதான்.) வீடு வரை கொண்டுவந்து விட்டார். நான் மாடி ஏறி விளக்குப் போடும் வரை கீழே தெருவில் நின்றிருந்துவிட்டு, வெளிச்சம் வந்த பிறகுதான் நகர்ந்தார். போன மாதக் கடைசியில் நான் சிபாரிசு செய்த நாவலில் அந்த டாக்சி ஓட்டுகிறவன் செய்வது இதேதான். 'இப்படி ஒருத்தன் கீழே நின்றால் விளக்குப் போடவே மனசு வராது' என்று எழுதியிருந்தேன்.

அவர் குழுவில் இல்லை. புத்தகமே படிக்காதவர். அப்படியானால்? கடவுள் எங்கள் குழுவில் மெம்பராக இருக்கிறார் போலிருக்கிறது.

மார்ச் 16, சனி

அக்கா வந்து அவரைப் பார்த்தாள். பத்தே நிமிடத்தில் உருகிவிட்டாள். மாமாவுக்கு அவரைப் பிடித்ததா இல்லையா தெரியவில்லை, மாமா சாப்பாட்டைத் தவிர எதையும் பிடித்ததாகச் சொன்னதில்லை. சமையலறையில் என்னைத் தனியாகப் பிடித்து அக்கா சொன்னது: "இவரையும் ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிவிட்டேன்னா, அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காத."

நாளும் குறித்தாகிவிட்டது: கல்யாணப் பதிவு ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. அவர் தன் அறையைக் காலி செய்துவிட்டு என் வீட்டுக்கு வருகிறார்.

மார்ச் 19, செவ்வாய்

ஒன்றும் விசேஷம் இல்லை. சந்தோஷமாக இருக்கிறேன். அதையும் ஒரு நாளாவது எழுதி வைக்க வேண்டாமா?

மார்ச் 27, புதன்

வேலை முடிந்து வந்து படுக்கையறைக் கதவைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்தக் கதவு கத்தும். பூனையை மிதித்த மாதிரி கத்தும். இன்று ஒன்றுமே இல்லை. குளியலறைக் கதவு - அதுவும் இல்லை. வாசல் கதவு - இல்லை. கீல்களைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் எண்ணெய்.

அவருக்குப் போன் செய்தேன். ஆமாம், நான்தான் மத்தியானம் வந்தேன் என்றார். மாற்றுச் சாவியை அக்காவிடம் வாங்கிக்கொண்டாராம். அக்காவும் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறாள், கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவர்தானே என்று. எதற்கு எண்ணெய் என்று கேட்டேன்.

"ராத்திரி நீங்க எழுந்து நடந்தா, கதவுச் சத்தத்துல பயந்துடக் கூடாது இல்ல?"

அந்தக் கொலைக் கதையில் புருஷன் சொல்கிற வார்த்தை இது. இதே வார்த்தை. புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டேன். நான் சிபாரிசில்கூட இதை எழுதவில்லை. புத்தகத்தை வாங்கிப் படித்தவருக்குத்தான் தெரியும்.

ஊசி நூல் காதல் கதை. மாடி விளக்கு காதல் கதை. சரி. எண்ணெய் எந்தப் பாதியைச் சேர்ந்தது?

மார்ச் 28, வியாழன்

பையின் வாரில் அவர் போட்ட தையலைப் பிரித்துப் பார்த்தேன். இற்றுப்போய் அறுந்திருந்தால் நார் நாராக இருக்கும். இது பிளேடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது.

எழுத்து கோணலாக வருகிறது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மாமாவைக் கூப்பிட்டு, இங்க பாருங்க, புருஷன் ஆகப்போறவன் ரொம்ப நல்லவனா இருக்கான்னு ஒருத்தி அழறா என்றாள். அவர் உனக்காகப் புத்தகம் தேடிப் பிடித்துப் படித்திருந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்கிறாள். மாமா அவள் பிறந்தநாளைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்று அங்கிருந்து பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ஹெட்மாஸ்டரிடம் ப்ளஸ் ஒன்றரையின் போன் எண்ணைக் கொடுத்துக் குழுவில் இருக்கிறதா என்று கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். போட்டோ இல்லாமல், பெயர் இல்லாமல், வெறும் புள்ளி வைத்துக்கொண்டு நிறையப் பேர் இருக்கிறார்கள், யார் யாரென்று நான் எங்கே போய்க் கேட்பது என்று அலுத்துக்கொண்டார்.

ஒருவேளை நான்தான் கோட்டியா? இத்தனை கொலைக் கதை படித்தால் யாருக்குத்தான் மூளை ஒழுங்காக இருக்கும்?

மார்ச் 31, ஞாயிறு

இல்லாத புத்தகம் ஒன்றைச் சிபாரிசு செய்தேன்.

'மறுபடி ஒரு வாசல்'. தலைப்பும் நானே வைத்தது. தெரிந்தவர் ஒருவர் அச்சுக்குப் போகுமுன் படிக்கக் கொடுத்தார், கடைக்கு வர இன்னும் நாளாகும் என்று கூசாமல் புளுகினேன். காதல் கதை. அதில் கதாநாயகன் ஒரு காரியம் செய்வான்: அவள் வீட்டு வாசலில் கழற்றிப் போட்ட செருப்பில் ஒன்றை மட்டும் உள்பக்கம் பார்த்தபடி திருப்பி வைத்துவிட்டுப் போவான். எங்கே போனாலும் வீடு திரும்பிவிடுவாள் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. உலகத்தில் எந்தப் பைத்தியக்காரனும் தானாகச் செய்ய மாட்டான். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

குழுவில் ஒரே ஆரவாரம். எப்போது வரும், எங்கே கிடைக்கும், செருப்பு சீன் படித்து அழுதேவிட்டேன் - என்னென்னவோ. படிக்காத புத்தகத்துக்கு இவர்கள் அழுகிறார்கள்.

ஏப்ரல் 3, புதன்

காலையில் வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தேன். ஒரு செருப்பு தெருவைப் பார்த்திருந்தது. ஒன்று என்னைப் பார்த்திருந்தது.

ஏப்ரல் 4, வியாழன்

கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். நாற்காலியை வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் சாவி ஒன்று. அவரிடம் ஒன்று.

போலீசுக்குப் போய் என்ன சொல்வது? சார், செருப்பைத் திருப்பி வச்சுட்டார். கதவுக்கு எண்ணெய் போட்டார். கூட நாலு பேரைக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள்.

நேரே முகத்தைப் பார்த்துக் கல்யாணம் வேண்டாம், போ என்று சொல்லலாம். சொன்னால்? நான் சிபாரிசு செய்த கதைகளில் அப்படிச் சொன்ன பெண்கள் யாரும் கடைசிப் பக்கம் வரை வரவில்லை. அத்தனையையும் அவர் படித்திருக்கிறார். நான் கைதட்டி வர்ணித்தது வேறு. பெண் 'போ' என்று சொன்னால் ஆண் என்ன செய்வான் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

அப்படியானால் வேறு மாதிரியும் சொல்லிக் கொடுக்கலாம் இல்லையா?

ஏப்ரல் 7, ஞாயிறு

குழுவில் ஒரே ஒரு விதிதான். முடிவைச் சொல்லக் கூடாது. இன்று அதை உடைத்தேன்.

'மறுபடி ஒரு வாசல்' பற்றி மறுபடி எழுதினேன். கடைசி அத்தியாயத்தில் அவள் காரணம் சொல்லாமல் போகச் சொல்கிறாள். அவன் ஏன் என்று கேட்பதில்லை. சாவியை மேசை ஓரத்தில் வைக்கிறான், போகிறான், அப்புறம் வருவதே இல்லை. இதற்கு மேல் ஒரு காதல் நான் படித்ததில்லை, இப்படிப் போகத் தெரிந்தவன்தான் ஆம்பிளை என்று உருகி உருகி எழுதினேன். எழுதும்போது அழுகை வந்தது. காதலால் இல்லை.

திட்டு மழை. எல்லோரும் காத்திருந்த புத்தகமாம், நாசம் பண்ணிவிட்டேனாம். ஹெட்மாஸ்டர் எல்லார் முன்னாலும் கண்டித்தார். விதி போட்டபோது கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி என்று ஞாபகப்படுத்தினார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். திட்டட்டும். படிக்க வேண்டியவர் படித்தால் போதும்.

ஏப்ரல் 10, புதன்

சாயங்காலம் வரச் சொன்னேன். வெளிச்சம் இருக்கும்போதே. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்து. வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன்.

உட்காரச் சொல்லவில்லை. எப்படியோ சொன்னேன்: "போயிடுங்க. காரணம் கேக்காதீங்க."

முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. என் கண்ணையே பார்த்தார், நான் செய்து கொடுத்த அதே ப்ளஸ் ஒன்றரை வழியாக. பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். மேசையின் நடுவில் வைக்கப் போனவர் நிறுத்தி, ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. போய்விட்டார்.

கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன். நாற்காலியை மறுபடி முட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

பூட்டு மாற்றியாகிவிட்டது. அக்கா பேசுவதில்லை. மாமா மட்டும் போன் செய்து, ஏனோ எனக்கும் அந்த ஆளைப் பார்த்தா சாப்பாடு இறங்கலம்மா என்றார். அதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா?

ஏப்ரல் 26, வெள்ளி

இன்றுதான் பதிவு செய்ய இருந்த நாள். வேலைக்குப் போனேன். ஒரு குழந்தைக்கு முதல் கண்ணாடி மாட்டிவிட்டேன். மரத்தில் இலை தனித்தனியாகவா இருக்கும் என்று அது கேட்டது. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

மே 14, செவ்வாய்

ஒரு தகவலும் இல்லை. தெருவில் இல்லை, கடைப்பக்கம் இல்லை. எழுதிய மாதிரியே வராமல் இருக்கிறார். சில நேரம் பாவமாகக்கூட இருக்கிறது. அடிப் பாவி, எதுக்கு உனக்குப் பாவம்?

மே 27, திங்கள்

அக்கா வந்தாள். காய்ந்து கிடந்த துணியை மடித்துக் கொடுத்தாள். அது போதும்.

ஜூன் 2, ஞாயிறு

ரொம்ப நாளைக்குப் பிறகு சிபாரிசு எழுதினேன். கொலை வேண்டாம் என்று ஒரு காதல் கதை மட்டும், இரண்டு தபால்காரர்கள் பற்றியது. கதாநாயகன் என்ன செய்வான் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. கண்ணாடிக்காரி திரும்பி வந்தாச்சு என்று எல்லோரும் பூ அனுப்பினார்கள். மனசு லேசாக இருந்தது. சமையலை முடித்துவிட்டுப் போனை எடுத்தேன்.

பெயருக்குப் பதில் ஒரு புள்ளி. போட்டோ இல்லை. குழுவில் இதுவரை ஒரு வார்த்தை பேசியிராதவர்.

"மறுபடி ஒரு வாசல் படிச்சு முடிச்சேன். கண்ணாடிக்காரி சொன்னது முடிவு இல்ல. அவன் போனதுக்கு அப்புறமும் நிறைய பக்கம் இருக்கு."

அதற்குள் குழு துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தது. புத்தகம் வந்துவிட்டதா, எங்கே வாங்கினீர்கள், அப்புறம் அவன் என்ன செய்தான், திரும்பி வந்தானா, அவள் என்ன ஆனாள் என்று ஆளாளுக்குக் கேள்வி. புள்ளி எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில் போட்டிருந்தது.

"முடிவைச் சொல்லக் கூடாதே."

ஹெட்மாஸ்டருக்கு ஒரே பெருமை. இவரைப் பார்த்துக் கத்துக்குங்க கண்ணாடிக்காரி என்று எழுதியிருக்கிறார். கீழே எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள்.