டைகருக்கு ஊற்றிய தண்ணீர்

இன்று மத்தியானம் டைகர் குழாயடியில் காலைப் பரப்பிக் கிடந்தான். மூச்சு வாங்கியது, எச்சில் நூலாக இழுத்தது. உதட்டை விலக்கிப் பார்த்தேன், ஈறு செக்கச்செவேலென்றிருந்தது. ஓடிப்போய் உன் பித்தளைச் செம்பை எடுத்தேன். அதைத் தொட்டதும் நீ பக்கத்தில் நிற்பது போலிருந்தது.

உனக்குத்தான் அவனைப் பிடிக்காதே. கோழிக்குப் பயப்படுகிறவனுக்கு டைகர் என்று பெயரா என்று சிரிப்பாய். "உங்க நாய் என் முறத்தக் கடிச்சிருச்சு." "உங்க நாய்க்கு நீங்களே சோறு வைங்க." எப்போதும் 'உங்க நாய்'தான்.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு எனக்கு மாற்றல் வந்தபோது, அவனை ரயிலில் நாய்ப் பெட்டிக்குள் அடைத்துத்தான் கொண்டுவர முடிந்தது. அன்று கொளுத்தும் வெயில். வண்டி வேறு நடுவழியில் வெகுநேரம் நின்றுவிட்டது. கோலாலம்பூரில் பெட்டியைத் திறந்ததும் தள்ளாடி இறங்கி, வாந்தியெடுத்து, வாயில் நுரையோடு விழுந்தான். "அஞ்சிங் கீலா!" என்று ஒரு மலாய்க்காரர் கத்த, எல்லோரும் சிதறி ஓடினார்கள். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் கட்டையோடு வந்தார்.

"வெறிநாய்லா! யாரு நாய் இது?"

நான் ஓரடி பின்வாங்கினேன். ஓங்கிய கட்டைக்கு முன்னால் நீ போய் உட்கார்ந்தாய்.

"எங்க நாய். ஏறும்போது நல்லாத்தான் இருந்தான். பொட்டியத் தொட்டுப் பாருங்கண்ணே, வெயில்ல வெந்து கெடக்குறான்."

அவர் தொட்டார். சுட்ட கையை உதறிவிட்டுக் கட்டையைக் கீழே போட்டார். மூவருமாக அவனை நிழலுக்குத் தூக்கினோம். நீ குழாய்த் தண்ணீரைச் செம்பு செம்பாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் ஊற்றினாய். நான் ஈரச் சாக்கைப் போர்த்தப் போனேன்.

"மூடாதீங்க! காய்ச்சக்காரப் பிள்ளையப் போர்த்தி வச்சா இன்னும் கொதிக்காதா? விசிறுங்க!"

நான் விசிறினேன். கட்டை கொண்டுவந்தவரும் தன் துண்டால் விசிறினார். வெகுநேரம் கழித்து அவன் தலையைத் தூக்கிச் செம்பை நக்கினான். நீ அழுதுவிட்டாய். நானும்தான். வீடு வந்து சேர்ந்ததும் மறுபடி 'உங்க நாய்' ஆகிவிட்டான், அது வேறு கதை.

இன்று நானே ஊற்றினேன், நானே விசிறினேன். இப்போது எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்து, நீ திட்டுவாயே, அதே மாதிரி வாசற்படிக்குக் குறுக்கே படுத்திருக்கிறான். நீ இல்லாத வீட்டில் இது எனக்குப் பெரிய சந்தோஷம்.

பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து கேட்டார்: "என்னண்ணே, உங்க நாய்க்கு என்ன ஆச்சு?"

"எங்க நாய் பொழச்சுக்கிட்டான்க்கா" என்றேன்.